விழுங்கலருமை: நோய்க்காரணம் காணும் முறையின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளைநோய்களையே தமது ஆய்வுப் பொருளாகக் கொள்வர். அம்மை, வாந்திபேதி, மலேரியா என்பன அரசுகளை அசைத்தவை, குடித்தொகையைக் குறைத்தவை, ஆதலால் வரலாற்றாசிரியரின் கண்ணுக்கு எளிதிற் படுபவை. ஒருவர் உண்ட சோறு நெஞ்சுக்குக் கீழ் இறங்காது நின்று, சில மணி நேரத்தின் பின் உண்டபடியே திரும்பி வருவது அத்தகைய வரலாற்று நிகழ்ச்சியன்று. அது ஒரு வீட்டின் அடுக்களையில் தொடங்கிப் பல வேளைகளில் அங்கேயே முடிந்துவிடுவது. எனினும் நோயாளியின் சொல்லுக்கும் அவரது உடலுக்குமிடையே அறிவியல் எவ்வாறு வழி கண்டது என்பதையும், அவ்வழியிற் சமூக நிலைமைகள் எவ்விடங்களிற் குறுக்கிட்டன என்பதையும் அறிய விழைவோர்க்கு இந்நோய்க்குறி தரும் சான்றுகள் பெருநோய்கள் தருவனவற்றிலும் தெளிவானவை என்பது எமது கருத்து.

விழுங்கலருமைக்கும் சமிபாடடையாத உணவு வெளிவருதலுக்கும் காரணங்கள் பல. தொண்டையின் பின்புறத்தில் ஒரு பை உண்டாகி அதில் உணவு தங்கலாம். களத்தின் மேல்வாயிலில் மெல்லிய சவ்வொன்று குறுக்கே வளரலாம். களத்திற் புற்றுநோய் தோன்றலாம். இரைப்பையின் அமிலம் மேலெழுந்து புண்ணாக்கிய இடம் தழும்பாகிச் சுருங்கலாம். களத்தின் கீழ்வாய் திறவாதிருக்கலாம். இரைப்பையின் கடைவாய் அடைபடலாம். அன்றி அடைப்பெதுவுமின்றியே இரைப்பையின் நரம்புகள் தளர்ந்திருக்கலாம். நோயாளியின் வாய்மொழியில் இவையெல்லாம் ஒன்றே: 'சாப்பாடு இறங்குதில்லை, சத்தி வருகுது.' இவ்வொரு வாக்கியத்திலிருந்து ஏழெட்டு நோய்களைப் பிரித்தறியும் ஆற்றலை மருத்துவம் பெறுவதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சென்றன. அனைத்தையும் ஒரே அளவில் ஆராய்தல் இங்கு எமது நோக்கமன்று. களத்தின் கீழ்வாய் திறவாத நோயை மையமாகக் கொண்டு, ஏனையவற்றை வேண்டுமிடத்து மாத்திரம் தொட்டுச் செல்வோம்.

2

இந்நோயின் முதற் பதிவென இன்று பொதுவாக ஏற்கப்படுவது ஆங்கில மருத்துவரான தொமஸ் வில்லிஸ் 1674இல் வெளியிட்ட இலத்தீன் மருந்தியல் நூலிற் காணப்படுவதாகும். மூளையின் அடியிலுள்ள குருதிக்குழாய் வளையத்தால் இன்றும் மாணவரின் நினைவில் நிற்கும் அதே வில்லிஸ்தான். ஒக்ஸ்போட் நகரத்தவனான ஒருவன் உண்டதையெல்லாம், களம் தொண்டைவரை நிரம்பியதும், உண்டபடியே வெளியேற்றிவந்தான். மருந்துகள் பயன்படவில்லை. உணவு முன்னேயிருந்தும் பசியால் மெலிந்து இறக்கும் நிலையில் அவன் இருந்தான். வில்லிஸ் திமிங்கில எலும்பினால் நீண்டதொரு கோல் செய்வித்து, அதன் நுனியிற் கடற்பஞ்சு உருண்டையொன்றைப் பொருத்திக் கொடுத்தார். நோயாளி ஒவ்வொரு வேளையும் உணவுண்டு நீரருந்தியபின் அக்கோலைத் தானே தொண்டை வழியாக உட்செலுத்தி, மூடிக்கிடந்த இரைப்பை வாயைத் தள்ளித் திறந்து உணவை இறக்கினான். இவ்வாறே பத்தாண்டுகளுக்கும் மேலாக அவன் உயிர் வாழ்ந்தான்.

இப்பதிவில் மருந்து வரலாற்றாசிரியர் வியப்பது அக்கோலையே. நாமோ வேறிரண்டு செய்திகளை முதன்மையானவையாகக் கருதுகின்றோம். முதலாவது, வில்லிஸ் இதனை இரைப்பையின் நோயாகக் கொள்ளவில்லை என்பது. உணவு இரைப்பையை அடையவேயில்லை. ஆகவே அது வாந்தியன்று, வழியில் தடைப்பட்டதன் மீள்வரவே என்ற வேறுபாட்டை அவர் உணர்ந்திருந்தார். வாந்திக்கும் மீள்வரவுக்குமிடையிலான இவ்வேறுபாடே பிற்கால நோய் நிருணயத்தின் அடித்தளமாயிற்று. இரைப்பையினின்று வருவது புளித்திருக்கும். குமட்டல் அதற்கு முன்வரும். வயிற்றுத் தசைகள் முயன்று அதனைத் தள்ளும். களத்தினின்று வருவதோ புளிப்பற்றது. குமட்டலின்றி, குனிந்தால் அல்லது படுத்தால் தானே வாய்க்கு வருவது. நேற்றிரவு உண்ட பருக்கை இன்று காலை தலையணையிற் கிடப்பது. இரண்டாவது, மூடிய வாய்க்குக் காரணமாக அவர் இரண்டைக் கூறினார்: ஒன்று கட்டி, மற்றையது வாதம், அதாவது நரம்பின் செயலிழப்பு. உடலைத் திறந்து பார்க்க வாய்ப்பின்றி, நுண்காட்டி நரம்புக்கலத்தைக் காட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே கூறப்பட்ட இவ்வூகம் எத்துணைக் கூர்மையானது என்பதைப் பின்னர் காண்போம். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் மருத்துவர் பலர் அதனைக் கைவிட்டு வேறு பாதையிற் சென்றனர் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

3

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நோய்க்காரணம் காணப்பட்ட இடம் பிணவறையே. பிறிஸ்டல் நகர அறுவை மருத்துவரான ஏபிரகாம் லட்லோ தொண்டைப் பின்புறப் பையொன்றை வர்ணித்து எழுதிய கட்டுரை 1769இல் அச்சேறியது. அந்நோயாளி இறந்தபின்னரே பை வெளிப்பட்டது. ஜேர்மனியில் சென்கர், சீம்சன் ஆகிய இருவரும் இத்தகைய நோயாளரின் வரலாறுகளை 1877இல் ஒன்றுதிரட்டி, உள்ளிருந்து எழும் அழுத்தம் தசைச்சுவரின் நலிந்த இடத்தை வெளித்தள்ளுவதால் அப்பை உண்டாகின்றது என விளக்கினர். அது இன்றும் சென்கரின் பெயரைத் தாங்கிநிற்கின்றது. லட்லோவின் பெயர் மறைந்துபோயிற்று. அறிவியலிற் பெயர் சூட்டல் என்பது உரிமை வரலாறன்று, நிறுவன வரலாறே என்பதற்கு இதுவுமோர் எடுத்துக்காட்டு.

பிணவறை உறுப்பின் வடிவத்தைக் காட்டியது, அசைவைக் காட்டவில்லை. களத்தின் கீழ்வாய் திறவாத நோயில் இறந்தவரின் உடலைத் திறந்தோர் வீங்கி விரிந்த களத்தைக் கண்டனர். அதன் அடியிற் கட்டியோ தழும்போ காணப்படவில்லை. விரலை நுழைத்தால் வாய் எளிதில் இடங்கொடுத்தது. உயிரோடிருக்கையில் மூடிக்கிடந்த வாயில் இறந்தபின் திறந்துகிடந்தது! வடிவத்தை மாத்திரம் நோக்கும் உடற்கூற்றியலால் இப்புதிரை விடுவிக்க இயலவில்லை. உயிருள்ள உடலினுள்ளே பார்க்கவேண்டியிருந்தது.

அதற்கான முதல் முயற்சி பிரைபேர்க் நகரில் 1868இல் நிகழ்ந்தது. அடோல்வ் குஸ்மோல் என்ற பேராசிரியர், வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனின் தொண்டை வழியாக நேரான உலோகக் குழாயொன்றைச் செலுத்தி இரைப்பைவரை கொண்டுசென்றார். ஒளிக்கு அவர் நம்பியது பிரெஞ்சுக்காரரான டெசோர்மோவின் விளக்கை. அதன் வெளிச்சம் போதவில்லை. பேராசிரியர் எதனையும் தெளிவாகக் காணவில்லையெனினும் வழி நேராக்கப்படக்கூடியது என்பது உறுதியாயிற்று. சந்தையில் வயிற்றுப்பாட்டுக்காக வாள் விழுங்கிய ஒருவனின் பயிற்சியே இவ்வறிவின் முதற் கருவி என்பதைப் பாடநூல்கள் வேடிக்கைச் செய்தியாகக் கூறிச் செல்கின்றன. அவனது பெயரை அவை கூறுவதில்லை. இதே குஸ்மோல், கடைவாய் அடைபட்டு விரிந்த இரைப்பையைக் குழாயும் பம்பியும் கொண்டு கழுவி நோயாளரின் துன்பந் தீர்த்த முறையை 1869இல் வெளியிட்டார். முதல் நாள் உண்டதையும் அதற்கு முதல் நாள் உண்டதையும் ஒருங்கே, பெருமளவில், பித்தக் கலப்பின்றி வாந்தியெடுப்பவர்களின் நோய் இதுவே; களத்தின் நோயினின்று இது தெளிவாக வேறுபடுவது.

1881இல் வியன்னாவில் மிக்குலிச் மின்னொளி பொருத்திய களநோக்கியைப் பயன்படுத்தி உயிருள்ளவரிடத்திலேயே களத்தின் புற்றுநோயைக் கண்ணாற் காணும் நிலையை ஏற்படுத்தினார். ஏறத்தாழ அதேகாலத்தில் பேர்லினில் குரோனெக்கர், மெல்ட்சர் ஆகியோர் சிறு பலூன்களைக் களத்தினுட் செலுத்தி, விழுங்கும்போது எழும் அழுத்த அலையைப் பதிவு செய்தனர். விழுங்கலானது உணவு தன் பாரத்தால் வீழ்வதன்று, ஒழுங்குபடுத்தப்பட்ட தசையலையொன்றினால் நிகழ்வது என்பது அளவீட்டால் நிறுவப்பட்டது.

எமது மண்ணோடு தொடர்புடைய ஒரு செய்தியை இங்கு இடைக்குறிப்பாகக் கூறலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' என்ற தமிழ் நூலை 1872இல் வெளியிட்டார். ஆங்கில மூலம் வெளிவந்தது 1858இல். உயிருள்ள மனிதனின் களத்தை எவரும் நன்கு கண்டிராத காலத்திலேயே, அதன் அமைப்பை மானிப்பாய் மாணவர் தமிழிற் கற்றனர். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் ஆங்கிலத்திற் கற்பித்தது. நூற்றாண்டொன்றில் இவ்விடயத்தில் நாம் முன்னோக்கி நடந்தோமா என்பதை மொழிக்கொள்கை பற்றி எழுதுவோர் ஆராய்வாராக.

இறுதித் திருப்பம் எக்ஸ் கதிரோடு வந்தது. றொன்ஜன் 1895 நவம்பரில் அக்கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டின் இறுதியிலேயே ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவரான வோல்டர் கனன், வாத்தொன்றை அட்டைப் பெட்டியில் நிறுத்தி, பிசுமது சேர்ந்த உணவு அதன் நீண்ட கழுத்தினுள் இறங்குவதைத் திரையிற் காட்டினார். எக்ஸ் கதிரை எலும்பு முறிவுக்கே உரியதென ஏனையோர் கருதிய வேளையில், அசையும் மென்னுறுப்பைக் காண அதனைப் பயன்படுத்தியதே இம்மாணவரின் சாதனை. பூனைகளின் இரைப்பையை ஆராய்ந்தபோது அவர் மற்றொன்றையும் கவனித்தார். விலங்கு கலவரமடைந்தால் இரைப்பையின் அசைவு நின்றுவிட்டது. அமைதியுற்றதும் மீண்டும் தொடங்கிற்று. உள்ளக்கிளர்ச்சி உணவுப்பாதையை மெய்யாகவே பாதிக்கின்றது என்பதற்கு இது நேரடிச் சான்று. பின்வரும் பகுதியில் நாம் கூறப்போகும் தவறான முடிபுகளுக்கு இவ்வுண்மையும் ஓரளவு துணைபோயிற்று. மனிதரில் பிசுமது உணவை 1904இல் மூனிச் நகரின் றீடர் முறைப்படுத்தினார். அதன் நைத்திரேற்று உப்பினால் நச்சு விளைவுகள் நேர்ந்ததால் 1910 முதல் பேரியம் சல்பேற்று அதன் இடத்தைப் பெற்றது. விரிந்த களம் கீழ்முனையிற் பறவையின் அலகுபோலக் கூம்பி முடிவதை இனி எந்த மருத்துவரும் காணலாயிற்று.

4

கண்டதற்கு என்ன பெயரிடுவது என்பதில் முரண்பாடு எழுந்தது. மிக்குலிச்சும் அவரைப் பின்பற்றியோரும் இதனை இரைப்பை வாயின் 'இசிவு' என்றனர். கீழ்வாய்த் தசை இறுகப் பிடித்துக்கொள்கின்றது என்பது அப்பெயரின் உட்பொருள். லைப்சிக்கில் ஏர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913 ஏப்ரலில் முப்பது ஆண்டளவாக இந்நோயால் வருந்திய ஒருவரின் களத்தின் கீழ்முனையில் தசையை மட்டும், உட்சவ்வு சிதையாமல், நீளவாக்கில் வெட்டிவிட்டார். நோயாளி உணவுண்டார். பிடித்திருந்த தசை வெட்டப்பட்டதும் வாயில் திறந்தது; ஆகவே இசிவுக் கொள்கை மெய்ப்பிக்கப்பட்டதென எண்ண இடமிருந்தது. ஆயினும் சிகிச்சையின் வெற்றி கொள்கையின் உண்மைக்குச் சான்றாகாது. பூட்டிய கதவை உடைத்து உட்புகலாம். திறப்பு தொலைந்ததா, பூட்டு இறுகியதா என்பதை அவ்வுடைப்பு அறிவிப்பதில்லை.

இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் ஆதர் ஹேர்ஸ்ற் இக்கொள்கையை எதிர்த்தார். (ஹேர்ட்ஸ் என்ற ஜேர்மன் ஒலியுள்ள குடும்பப்பெயரை முதலாம் உலகப்போரின் நடுவே, 1916இல், மாற்றிக்கொண்டவர் இவர், பெயர்களின் பாரத்தை நன்கறிந்தவர்.) அவர் பயன்படுத்திய கருவி இரசம் நிரப்பிய இறப்பர்க் குழாய். நோயாளி அதனை விழுங்கியதும், எவரும் தள்ளாமலே, தன் பாரத்தால் அது மூடிய வாயைக் கடந்து இரைப்பைக்குள் இறங்கிற்று. இசிவுற்ற தசையாயின் அதனைக் கவ்விப் பிடித்திருக்கும்; மீள இழுக்கும்போதும் கை அதனை உணரும். அவ்வாறு நிகழவில்லை. தசை பிடிக்கவில்லை; திறக்க வேண்டிய வேளையில் திறக்கவில்லை, அவ்வளவே. இதனைக் குறிக்க, 'தளராமை' எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து பிறந்த 'அக்கலேசியா' என்ற சொல்லை, கூப்பர் பெறி என்ற சக மருத்துவரின் ஆலோசனைப்படி அவர் கையாண்டார். றேக் என்பவரோடு சேர்ந்து 1930இல் வெளியிட்ட ஆய்வில், களச்சுவரின் தசைப்படைகளுக்கிடையே கிடக்கும் அவுவபாக் நரம்புப் பின்னலின் கலங்கள் அழிந்திருத்தலை நுண்காட்டியின் துணையோடு காட்டினார். வில்லிஸ் கூறிய 'வாதம்' இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின் இழையத்திற் காணப்பட்டது.

இங்கு வென்றவர் ஹேர்ஸ்ற், தோற்றவர் மிக்குலிச் என முடிபு கூறுவது இலகு. ஆனால் 2008இல் சிக்காகோவின் பண்டொல்பினோ குழுவினர் நுண் அழுத்தமானியின் துணையோடு இந்நோயை மூவகையாகப் பிரித்தபோது, மூன்றாம் வகையிற் களத்தின் உடற்பகுதியில் இசிவும் உண்டெனக் கண்டனர். சிகிச்சைக்கு மிகக் குறைவாக இசையும் வகையும் அதுவே. பழைய பெயரைச் சூட்டியவர்கள் தாம் கண்ட சில நோயாளரைப் பொறுத்தவரை முற்றாகத் தவறவில்லை.

5

பெயரின் ஆற்றலை இதனிலும் கொடிதாகக் காட்டும் வரலாறு களத்தின் மேல்வாயில் பற்றியது. அமெரிக்காவின் மினசோட்டாவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பிளம்மர், தம்மிடம் வந்த பெண்கள் சிலரிடத்து விசித்திரமான விழுங்கலருமையைக் கண்டார். அவருடைய நோயாளரை ஆதாரமாகக் கொண்டு வின்சன் 1922இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'ஹிஸ்ரீரியா' என்ற சொல் இடம்பெற்றது. நோயாளர் பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். கட்டி எதுவும் தென்படவில்லை. தடித்த கோலொன்றை ஒருமுறை செலுத்தியதும் பலர் குணமடைந்தனர். ஒருமுறை கோல் செலுத்தக் குணமாகும் நோய் மனநோயன்றி வேறென்னவாக இருக்கமுடியும் என்பது அக்காலத் தருக்கம். உண்மையில் அக்கோல் களத்தின் மேல்வாயிலிற் குறுக்கே கிடந்த மெல்லிய சவ்வைக் கிழித்திருந்தது. சவ்வு தென்படவில்லை, கிழிந்ததும் தென்படவில்லை, தென்பட்டது பெண் மட்டுமே.

மூன்றாண்டுகள் முன்னரே, 1919இல், காடிவ் நகரின் பற்றர்சனும் கிளாஸ்கோவின் பிறவுண் கெலியும் தனித்தனியே இதே நிலையை விவரித்திருந்தனர். இவர்கள் தொண்டை நோய் மருத்துவர்கள். கருவியைச் செலுத்திப் பார்க்கும் பழக்கமுடையவர்கள். இப்பெண்களிற் சிலர் பின்னர் அதே இடத்திற் புற்றுநோய் கண்டு இறந்ததைப் பற்றர்சன் கவனித்து எழுதினார். வெளிறிய முகம், வாயோரத்தில் வெடிப்பு, வழவழத்த நாக்கு, கரண்டிபோற் குழிந்த நகம் ஆகியன இவர்களிடத்துச் சேர்ந்து காணப்பட்டன. குருதிச்சோகையுள்ள உடலின் அடையாளங்கள் அவை. சுவீடனில் ஆல்பொம் 1936இல் இப்பெண்களுக்கும் தொண்டைப் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைக் காட்டினார். வால்டன்ஸ்ற்றோம், செல்பேர்க் ஆகியோர் 1939இல் எக்ஸ் கதிரின் துணையோடு சவ்வையே வெளிப்படுத்தி, இரும்புச்சத்துக் குறைவே இதன் அடிப்படையென வலியுறுத்தினர். 1940களில் அந்நாட்டில் மாவுக்கு இரும்புச்சத்துச் சேர்க்கப்பட்டது. உணவு சீரடைந்தபின் இந்நோய் அங்கு அரிதாயிற்று.

இவ்வரலாற்றின் பொருளை நிதானமாக நோக்க வேண்டும். மாதவிடாயாலும் மகப்பேற்றாலும் குருதி குறைந்து, வீட்டிற் கடைசியாகவும் குறைவாகவும் உண்ட பெண்ணின் உடற்குறை, அவளது மனக்குறையாக மொழிபெயர்க்கப்பட்டது. தொண்டையில் ஏதோ அடைத்து நிற்பதுபோன்ற உணர்வைக் கருப்பையின் அலைவோடு இணைத்த பழைய கிரேக்க மரபு அதற்குத் தயாராகவிருந்த சொல்லை வழங்கிற்று. மருத்துவர்கள் தீய நோக்கினர் என நாம் கூறவில்லை. காரணம் தெரியாத இடத்தில் ஒரு காரணப்பெயரை வைக்கும்போது, அவ்விடத்தை நிரப்புவது அச்சமூகம் யாரை நம்பவில்லையோ அவர்களைப் பற்றிய முற்கோளே என்பதே எமது வாதம். அக்கலேசியா உள்ள இளம்பெண்கள் தாமே உணவை வெளியேற்றும் உளநோயாளர் எனத் தவறாகக் கருதப்பட்ட நிகழ்வுகள் அண்மைக்கால மருத்துவ ஏடுகளிலும் பதிவாகியுள்ளன. கனன் காட்டியவாறு கலவரம் இரைப்பையை நிறுத்துவது உண்மை. அதிலிருந்து நின்ற இரைப்பையெல்லாம் கலவரத்தால் நின்றது என்ற முடிபு பிறக்காது.

6

வர்க்க நிலைமை நோய்க்காரணத்தை மறைத்ததற்கும், பின்னர் அதுவே காரணத்தை வெளிப்படுத்தியதற்கும் பிறேசிலின் வரலாற்றைப்போல் வேறொன்றை நாம் அறியோம். அந்நாட்டின் உட்பகுதி விவசாயிகளிடையே விழுங்கலருமை பெருவழக்காயிருந்தது. 'மல் டி எங்காஸ்கோ', அதாவது விக்கி அடைக்கும் நோய் என மக்கள் தம் மொழியில் அதற்குப் பெயரிட்டிருந்தனர். ஐரோப்பாவில் ஒரு மருத்துவர் தம் வாழ்நாளிற் சிலரையே காணும் நோய் இங்கு சில கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த நோய்.

1909இல் கார்லோஸ் ஷாகஸ் என்ற மருத்துவர் மினாஸ் ஜெறாயிஸ் மாநிலத்தின் லசான்ஸ் என்ற ஊரில், இருப்புப்பாதைத் தொழிலாளரிடையே மலேரியாத் தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்தபோது, புதியதோர் ஒட்டுண்ணியையும் அதனைக் காவும் பூச்சியையும் அது விளைவிக்கும் நோயையும் கண்டறிந்தார். பூச்சியை மக்கள் 'பார்பெய்ரோ', நாவிதன், என அழைத்தனர். உறங்குபவரின் முகத்தில் இரவிற் கடிப்பதால் வந்த பெயர். அது வாழ்ந்தது கழியும் களிமண்ணும் கொண்டு கட்டிய குடிசைச் சுவர்களின் வெடிப்புகளில். பூச்சியின் எச்சத்திலுள்ள கிருமி கடிவாயின் வழியாகவோ கண்ணின் வழியாகவோ உட்புகும். பூசிய சுவருள்ள வீடுகளில் அதற்கு ஒதுங்குமிடம் இல்லை. 1916இலேயே விக்கலடைப்பு நோய்க்கும் இக்கிருமிக்கும் தொடர்பிருக்கலாமென ஷாகஸ் ஐயுற்றார். ஆனால் 1922–23இல் தலைநகர் றியோவின் தேசிய மருத்துவக் கழகத்தில் அவருடைய கண்டுபிடிப்பின் பரப்பே கேள்விக்குள்ளாக்கப்பட்டது. இந்நோய் நாட்டின் உட்பகுதியிற் பரந்து காணப்படுகின்றது என்ற கூற்று தேசத்தின் நற்பெயருக்கு இழுக்கெனச் சிலர் கருதினர். அதன் பின் நெடுங்காலம் அவ்வாய்வு பின்தள்ளப்பட்டது.

இடையில் நிகழ்ந்தது அறிவியல் முறை பற்றிய நல்லதொரு பாடம். 1930களில் சாவோ பவுலோவின் மருத்துவர்கள், இந்நோயாளரின் விரிந்த களத்திலும் பெருங்குடலிலும் நரம்புப் பின்னல் அழிந்திருப்பதைத் தெளிவாகக் கண்டனர். அழிவைக் கண்டார்கள், அழித்ததைக் காணவில்லை. அவர்களுள் ஒருவரான எற்செல், உயிர்ச்சத்து பி1 குறைவே காரணமென விளக்கினார். நோயாளர் வறியவர், உணவு போதாதவர் என்பது உண்மையாகையால் அவ்விளக்கம் நம்பத்தக்கதாகவே இருந்தது. வறுமையைக் காரணமாகக் காண்பது மட்டும் போதாது; வறுமை எவ்வழியாக உடலுட் புகுந்தது என்பதையும் காணவேண்டும். இங்கு அது வந்தது சோற்றுப் பாத்திரத்தின் வழியாகவன்று, சுவரின் வழியாக.

1953இல் ஒஸ்திரிய நோயியலாளரான பிரிட்ஸ் கோபர்லெ றிபெய்றாவ் பிறெற்றோ நகரின் புதிய மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவர் கையாண்டது மிகப் பொறுமை வேண்டும் எளியதொரு முறை: எண்ணுதல். இறந்தோரின் களத்தை வளைய வளையமாக வெட்டி, நரம்புக்கலங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஷாகஸ் நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிட்டார். ஏறத்தாழ அரைவாசிக் கலங்கள் அழிந்ததும் களத்தின் அசைவு ஒழுங்கு குலைகின்றது. நூற்றுக்குத் தொண்ணூறளவு அழிந்தபின்னரே களம் விரிகின்றது என அவர் காட்டினார். குழந்தைப் பருவத்திற் கடித்த பூச்சிக்கும் நாற்பதாம் வயதில் இறங்காத உணவுக்குமிடையே பல பத்தாண்டுகள் ஏன் செல்கின்றன என்பது இதனால் விளங்கிற்று. ஐரோப்பாவின் அக்கலேசியாவும் பிறேசிலின் விக்கலடைப்பும் ஒரே நரம்புப் பின்னலின் அழிவுகள். முன்னையதன் முதற்காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. உடலின் தற்காப்பு முறைமையே தன் நரம்புக்கலங்களைத் தாக்குகின்றது என்ற கருத்து வலுப்பெற்றுவருகின்றது.

7

இன்றைய மருத்துவர் இவ்வரலாற்றின் எல்லாப் படிகளையும் ஒரு மணி நேரத்துட் கடக்கின்றார். பசில் ஹிர்ஷோவிற்ஸ் 1957இல் அறிமுகப்படுத்திய வளையும் இழைநோக்கியின் வழித்தோன்றல்கள் இன்று மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் வந்துவிட்டன. எனினும் கருவிக்கு முன் கேள்விகள் வருகின்றன. அவற்றின் ஒழுங்கு முக்கியமானது. முதலிற் சோறும் பின்னர் கஞ்சியும் பின்னர் நீரும் எனச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் படிப்படியாக இறங்காமற்போயின், புற்றுநோயை முதலில் ஐயுற்று உடன் உள்நோக்கியாற் பார்க்கவேண்டும். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைவிப்பது என 1985இலும், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் அவ்வாறே என 2004இலும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முடிபு கூறியது. ஆகவே எமது நாட்டில் நோயாளியின் மடியில் உள்ள கொட்டைப்பெட்டியும் வினவப்பட வேண்டியதே. திண்மமும் நீரும் தொடக்கத்திலிருந்தே ஒருங்கே தடைப்பட்டு, ஆண்டுக்கணக்கில் நீடிப்பின், அசைவின் கோளாற்றை நினைக்கவேண்டும். முதல் விழுங்கலிலேயே இருமலும் மூக்குவழி நீரும் வரின் கோளாறு தொண்டையில், பெரும்பாலும் மூளையின் அல்லது நரம்பின் நோயில். நீண்டகால நீரிழிவுள்ளவர் உண்டு பல மணி நேரத்தின் பின் சமிபாடடையாத உணவை வாந்தியெடுப்பின் இரைப்பையின் நரம்புத் தளர்ச்சியை எண்ணவேண்டும். கசாண்டர் 1958இல் அதற்குத் தனிப்பெயர் சூட்டினார். பிறந்து சில வாரங்களான குழந்தை பாலைப் பீறிட்டுக் கக்கின் கடைவாய்த் தடிப்பு. உள்நோக்கியில் எதுவும் தென்படவில்லை என்பது நோயில்லை என்பதாகாது. தொடக்கநிலை அக்கலேசியாவில் உள்நோக்கி வெறுமையாகவே திரும்பும். அழுத்தமானியே அதனைக் காட்டும்.

சிகிச்சையில், ஹெல்லர் வயிற்றைத் திறந்து வெட்டிய அதே தசையை 2008இல் யப்பானின் இனோவே வாய்வழி உள்நோக்கியினூடாக வெட்டிக் காட்டினார். எவ்வழியே வெட்டினும் அழிந்த நரம்புக்கலம் மீள்வதில்லை. வாயில் மட்டுமே திறக்கின்றது. உணவு தன் பாரத்தால் இறங்குகின்றது. ஆகவே நோயாளி நிமிர்ந்திருந்து உண்ணவும், உண்டபின் நீரருந்தவும், உடன் படுக்காதிருக்கவும் அறிவுறுத்தப்படுகின்றார்.

பிறேசிலிற் பூச்சிநாசினி தெளித்தலும் குடிசைச் சுவர்களைத் திருத்துதலும் பத்தாண்டுக்கணக்கில் நடைபெற்று, முதன்மைக் காவியான பூச்சியினாற் கிருமி பரவுதல் அங்கு நின்றதென 2006இற் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் பொலிவியாவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வேலை தேடி ஸ்பானியாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் சென்றவர்களின் குருதியில் அக்கிருமியும் சென்றது. ஐக்கிய அமெரிக்காவின் குருதி வங்கிகள் 2007 முதல் அதற்கெனப் பரிசோதிக்கத் தொடங்கின. அந்நாடுகளின் வைத்தியசாலைகளில் இன்று இலத்தீன் அமெரிக்கர் ஒருவர் உணவு இறங்கவில்லையென வரும்போது, எப்போதிருந்து, எந்த உணவு, என்ன சுவை என்ற கேள்விகளோடு இன்னொன்றும் கேட்கப்படுகின்றது: சிறுவயதில் எவ்வூரில் வாழ்ந்தீர், வீட்டுச் சுவர் எதனாற் கட்டப்பட்டிருந்தது?